பதவி உயர்வு வந்தது, உதவி எங்கே போனது? 293 வங்கி ஊழியர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். புதிதாக வந்தவருக்குச் சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுப்பார், பக்கத்து சீட்காரர் லீவு போட்டால் அவர் ஃபைலையும் சேர்த்துப் பார்ப்பார், ஆண்டுவிழாக் கமிட்டியில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். ப்ரொமோஷன் ஆர்டர் கைக்கு வந்த மூன்றாவது மாதம், "சார் இப்போ ரொம்ப பிஸி" என்று பேச்சு கிளம்பும். "எல்லாம் சீன்தான்" என்று கேன்டீனில் தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சுன் ஹுய், சைமன் லாம், கென்னத் லா ஆகிய மூவர் ஒரு பன்னாட்டு வங்கியின் ஊழியர்கள் 293 பேரை எடுத்துக்கொண்டார்கள். கடமைக்கு வெளியே அவர்கள் செய்யும் உதவிகளைப் பதவி உயர்வு முடிவுக்கு முன்பு ஒரு முறையும், முடிவுக்குப் பின்பு ஒரு முறையும் அளந்தார்கள். இப்படி உதவுவது பதவி உயர்வுக்குக் கைகொடுக்கும் என்று ஊழியர் எந்த அளவுக்கு நம்புகிறார் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். 2000-இல் வெளியான முடிவு: உதவி செய்தால் பதவி உயர்வு கிடைக்கும் என்று நம்பி, அது கிடைக்கவும் பெற்றவர்களிடம், கிடைத்த பிறகு உதவும் நடத்தை குறைவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கேன்டீன் தீர்ப்புக்குச் சான்று கிடைத்துவிட்டது போலத் தெரியும். பாதி கிடைத்தது என்றே சொல்லலாம். மீதிப் பாதிதான் மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு உதவக்கூடியது.

எதை உதவி என்கிறோம்

நிர்வாகவியல் ஆய்வாளர் டென்னிஸ் ஆர்கன் 1988-இல் கொடுத்த வரையறையிலிருந்துதான், வேலையிட உதவியை ஆராயும் இந்தத் துறையே நடக்கிறது. ஊழியர் தன் விருப்பத்தில் செய்வது. முறையான வெகுமதித் திட்டத்தில் நேரடியாக இடம்பெறாதது. மொத்தமாகச் சேரும்போது நிறுவனம் நன்றாக ஓட உதவுவது. தமிழில் இதை 'நிறுவனக் குடிமை நடத்தை' என்று எழுதுகிறார்கள். பாடநூல் வாசனை அடித்தாலும் பொருள் சரி. ஆர்கன் இதை ஐந்தாகப் பிரித்தார்: சக ஊழியருக்குக் கைகொடுப்பது, தன் வேலையால் இன்னொருவருக்குச் சிக்கல் வரும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது, யாரும் பார்க்காதபோதும் விதிப்படி நடப்பது, சின்னச் சின்ன அசௌகரியத்துக்கெல்லாம் புலம்பாமல் இருப்பது, நிறுவன விவகாரங்களில் அக்கறையோடு கலந்துகொள்வது.

வரையறையில் இரண்டாவது கூறுதான் கால் இடறும் இடம். வெகுமதிப் படிவத்தில் உதவிக்குக் கட்டம் இல்லாமல் இருக்கலாம். படிவத்தை நிரப்பும் மேலதிகாரியின் மனதில் கட்டாயம் இருக்கிறது. 1997-இல் ஆர்கனே அந்தக் கூறைத் தளர்த்திக்கொண்டார். மனதில் கட்டம் இருப்பது ஊழியருக்கும் தெரியும். தெரிந்த பிறகு உதவி என்பது உதவியாக மட்டும் இருக்காது, தன்னைப் பற்றிய ஒரு அறிவிப்பாகவும் ஆகிவிடுகிறது.

வேலையிடத்தில் ஒருவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறார் என்பதை ஜோன்ஸ், பிட்மன் இருவரும் 1982-இல் ஐந்து வகையாக்கினார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால்: காக்கா பிடிப்பது, தன் திறமையைத் தம்பட்டம் அடிப்பது, அர்ப்பணிப்புள்ள முன்மாதிரி ஊழியராகத் தெரிவது, 'என்னால் முடியாதே' என்று இரக்கம் தேடுவது, மிரட்டிக் காரியம் சாதிப்பது. இரண்டாவதை எந்த மேனேஜரும் ஓரளவு மோப்பம் பிடித்துவிடுவார். மூன்றாவதில்தான் சிக்கல். முன்மாதிரி ஊழியராகத் தெரிய வேண்டுமென்றால் முன்மாதிரி ஊழியர் செய்வதையே செய்ய வேண்டும். தாமதமாக வீட்டுக்குப் போக வேண்டும், பிறர் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே காட்சி. மார்க் பொலினோ 1999-இல் எழுப்பிய கேள்வி இதுதான்: இவர்கள் நல்ல சிப்பாய்களா, நல்ல நடிகர்களா?

கவுன்ட்டரில் ஒரு மாலை

வங்கி வேலையில் உதவி என்பது எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக நாம் போடும் காட்சி. அந்த ஆய்விலிருந்து எடுத்தது அல்ல.

வாடிக்கையாளர் நேரம் முடிந்தது. கேஷியர் டிராயரைக் காலி செய்து நோட்டுகளை மதிப்புவாரியாக அடுக்கி எண்ணுகிறார். கையிருப்புக்கும் சிஸ்டம் காட்டும் இருப்புக்கும் 900 வித்தியாசம். மறுபடி எண்ணுகிறார், அதே 900. டேலி ஆகாமல் கிளம்ப முடியாது. பக்கத்துக் கவுன்ட்டர்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டியவர், இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்கிறார். "வித்தியாசம் ஒன்பதால வகுபடுது, நம்பரை மாத்திப் போட்டிருப்பீங்கக்கா. வவுச்சர் கட்டைக் கொடுங்க" என்கிறார். 5,400 என்ற வவுச்சரைச் சிஸ்டத்தில் 4,500 என்று அடித்திருந்தால் வித்தியாசம் சரியாக 900 வரும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். நாற்பது வவுச்சரில் இருபத்தேழாவது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

மேனேஜர் கேபினில் விளக்கு அணைந்து அரை மணி நேரம் ஆகிறது. இந்த உதவியைப் பார்த்தவர் ஒருவர்தான், அதைப் பெற்றவர்.

இதே ஆள் மறுநாள் காலைக் கூட்டத்தில் "புதுசா வந்த ரெண்டு பேருக்கும் நான் ட்ரெயினிங் கொடுத்துடறேன் சார்" என்று கை தூக்குகிறார். இதுவும் உதவிதான், புதியவர்கள் பலன் பெறுகிறார்கள், கிளைக்கும் லாபம். வேறுபாடு பார்வையாளரில் இருக்கிறது. ஒருவர் மாலையில் மட்டும் செய்கிறாரா, காலையில் மட்டும் செய்கிறாரா, இரண்டு வேளையும் செய்கிறாரா என்ற வரிசையைப் பார்க்காமல், ஒற்றைச் செயலை வைத்து யாரையும் நடிகர் என்றோ சிப்பாய் என்றோ சொல்ல முடியாது. மேலதிகாரி தரும் மதிப்பெண்ணில் காலைதான் அதிகம் பதிவாகும், மாலை ஏறக்குறைய விழுந்தே போகும். இந்தத் துறையில் உதவியை அளக்கப் பெரும்பாலும் மேலதிகாரியின் மதிப்பெண்ணையே நம்பியிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் எந்த முடிவையும் படிக்க வேண்டும்.

குறைந்தது ஏன்: நேர்மையான மூன்று சந்தேகங்கள்

பதவி உயர்வு பெற்றவரின் உதவி குறைந்தது என்று எண் காட்டினால், உடனே மனதைக் குற்றம் சொல்லக் கூடாது. வேறு மூன்று காரணங்களும் அதே சரிவைக் கொடுக்கும்.

முதலாவது, கணக்கின் குணம். உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்து மறுபடி அளந்தால், யாரும் எதையும் மாற்றிக்கொள்ளாமலே மதிப்பெண் சராசரியை நோக்கி இறங்கும். உதாரணத்துக்கு, 7 புள்ளி அளவுகோலில் மொத்த ஊழியர் சராசரி 4.8, பதவி உயர்வு பெற்றவர்களின் சராசரி 6.0, அளவுகோலின் நம்பகத்தன்மை (மறுபடி அளந்தாலும் அதே மதிப்பெண் எந்த அளவுக்கு வரும் என்பது; 1 என்றால் முழு நம்பகம்) 0.7 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை எதிர்பார்க்க வேண்டியது 4.8 + (0.7 × 1.2) = 5.64. ஒருவரும் நடிக்கவில்லை, ஒருவரும் சோம்பேறி ஆகவில்லை, இருந்தும் 0.36 புள்ளி சரிவு. இதைத் தெரியாமல் 'ப்ரொமோஷனுக்குப் பின் ஈடுபாடு குறைகிறது' என்று ஸ்லைடு போடும் நிறுவனங்கள் நிறைய.

இரண்டாவது, வேலையே மாறிவிடுகிறது. நேற்று வரை புதியவருக்குச் சொல்லிக்கொடுத்தது உதவி. சூப்பர்வைசர் ஆனபின் அது சம்பளத்துக்கான வேலை. அதே செயலை அதே அளவுக்குச் செய்தாலும் கணக்கேட்டில் 'உதவி' பக்கத்திலிருந்து 'கடமை' பக்கத்துக்குப் போய்விடும். எலிசபெத் மாரிசன் 1994-இல் காட்டியதும் இதை ஒட்டியதுதான்: ஆய்வாளர்கள் கூடுதல் உதவி என்று எண்ணுபவற்றில் பலவற்றை ஊழியர்கள் தங்கள் வேலையின் பகுதியாகவே பார்க்கிறார்கள்.

மூன்றாவது, மதிப்பிடுபவர் மாறலாம். புதிய பதவியில் புதிய மேலதிகாரி. அவர் கை இறுக்கமாக இருந்தால் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும்.

இந்த மூன்றையும் தாண்டி ஹுய் குழுவின் முடிவுக்குக் கனம் கொடுப்பது, சரிவு எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை என்பதுதான். சராசரிக்கு இறங்குவதும் வேலை மாற்றமும் பதவி உயர்வு பெற்ற அத்தனை பேரையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறக்க வேண்டும். 'உதவினால் உயரலாம்' என்று நம்பியவர்களிடம் அதிகம் இறங்குகிறது என்றால், அந்தக் கூடுதல் இறக்கத்துக்கு நம்பிக்கையையும் காரணமாகச் சொல்ல இடம் உண்டு. இங்கும் ஒரு ஓட்டை இருக்கிறது: நம்பியவர்களின் முதல் மதிப்பெண் ஏற்கெனவே அதிகமாக இருந்திருந்தால், அவர்கள் இறங்கவும் அதிக இடம் இருந்திருக்கும். ஆகவே முதல் மதிப்பெண்ணைக் கட்டுப்படுத்திய பிறகு, அதாவது ஒரே முதல் மதிப்பெண் உள்ளவர்களை ஒப்பிட்ட பிறகு, மிஞ்சும் வேறுபாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுட்பத்தையும் பலர் தவறவிடுகிறார்கள். 'உதவி செய்வது பதவி உயர்வுக்கு உதவும்' என்று நம்புவது வேறு, பதவி உயர்வுக்காக உதவி செய்வது வேறு. மழை பெய்தால் குடை விற்கும் என்று தெரிந்த எல்லோரும் குடை வியாபாரிகள் அல்ல. தன் நிறுவனத்தில் எது எடுபடும் என்று கண்ணைத் திறந்து பார்த்திருக்கும் ஊழியர், மனதாரவும் உதவிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு நோக்கமும் ஒரே ஆளுக்குள்

ரியூவும் பென்னரும் 2001-இல் ஊழியர்கள் ஏன் உதவுகிறார்கள் என்று நேரடியாகக் கேட்டு மூன்று நோக்கங்களைப் பிரித்தெடுத்தார்கள்: பிறர்மேல் அக்கறை, நிறுவனத்தின்மேல் அக்கறை, தன் பெயரின்மேல் அக்கறை. மூன்றாவது இருந்தால் முதல் இரண்டும் இல்லை என்று பொருள் கிடையாது. ஆடம் கிரான்ட்டும் டேவிட் மேயரும் 2009-இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். பிறர்மேல் அக்கறை உள்ளவர்களிடம், நல்ல பெயர் மீதும் அக்கறை இருந்தால், அக்கறைக்கும் உதவிக்கும் உள்ள தொடர்பு இன்னும் வலுவாகிறது. கெட்ட பெயர் வாங்க விரும்பாத நல்லவர், பெயரைப் பற்றிக் கவலையே படாத நல்லவரைவிட அதிகம் உதவுகிறார் என்று எளிமையாகச் சொல்லலாம். ஆகவே பெயர் தேடுபவரைக் கண்டுபிடித்து ஒதுக்க நினைக்கும் மேனேஜர், தன் அணியின் சிறந்த உதவியாளர்களில் சிலரையும் சேர்த்தே ஒதுக்குவார்.

ஆனால் இந்தக் கலவை எந்த வகை உதவியைத் தூண்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிரான்ட், மேயர் பேசியது கைகொடுப்பது, மரியாதையாக நடப்பது போன்ற, எல்லோரையும் மகிழ்விக்கும் வகைகளை. "இந்த நடைமுறை தப்பு, மாத்தணும் சார்" என்று கூட்டத்தில் எழுந்து சொல்வதும் நிறுவனத்துக்குச் செய்யும் உதவிதான். அதில் பெயர் கெட வாய்ப்பு அதிகம். எல்லோரும் பெயருக்குக் கவலைப்படும் இடத்தில் கேக் வெட்ட ஆள் இருக்கும், ஆடிட்டில் வரப்போகும் ஓட்டையைச் சொல்ல ஆள் இருக்காது.

மேலதிகாரியின் கண்

ஒரே உதவிக்கு மேலதிகாரி போடும் மதிப்பெண், அவர் அதன் பின்னால் என்ன நோக்கத்தைப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆலனும் ரஷ்ஷும் 1998-இல் காட்டியபடி, உண்மையான அக்கறை என்று படித்தால் ஒட்டுமொத்த மதிப்பீடே உயர்கிறது. ஆனால் அந்தப் படிப்பு நம்பத்தக்கதா? மேலதிகாரியைக் குறிவைக்கும் பாராட்டும் சலுகையும் அவர் தரும் உதவி மதிப்பெண்ணை ஏற்றுகிறது என்பதைப் பொலினோவும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் கண்டார்கள். தன் வேலையைப் பெரிதாக்கிச் சொல்லும் உத்தியோ எதிராகத் திரும்பியது. தம்பட்டம் காதைக் குத்துகிறது, காக்கா பிடிப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைவிடக் கசப்பானது 2005-இல் ஹைல்மனும் சென்னும் நடத்திய பரிசோதனைகள். ஒரே உதவியைச் செய்த ஆணுக்கு மதிப்பீடு உயர்ந்தது, பெண்ணுக்கு உயரவில்லை. உதவ மறுத்தபோது பெண்ணுக்கு இறங்கியது, ஆணுக்கு இறங்கவில்லை. பெண் உதவுவது இயல்பு, ஆண் உதவுவது பெருந்தன்மை என்று மனதில் ஓடும் கணக்கு இது. மேலே சொன்ன கவுன்ட்டர் காட்சியில் பையை இறக்கி வைத்தவர் ஆணா பெண்ணா என்று நீங்கள் எதை நினைத்துப் படித்தீர்கள் என்பதை ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

சக ஊழியர்களின் மூக்கு கூர்மையானது. ஹாங்காங்கில் ஸ்னெல், வோங் இருவரும் நடத்திய ஆய்வில், ஒருவரை 'நடிகர்' என்று மற்றவர்கள் முடிவு கட்டியது பெரும்பாலும் பொருந்தாமையை வைத்து: சொல்வதற்கும் செய்வதற்கும், ஒரு இடத்தில் நடப்பதற்கும் இன்னொரு இடத்தில் நடப்பதற்கும் இடையே உள்ள இடைவெளி. மேலதிகாரிக்கு இந்த இடைவெளி தெரிய வழியில்லை, அவர் இருக்கும் இடம்தான் அந்த ஒரு இடம்.

சரிசெய்யப் போய்க் கெடுப்பது

இந்தச் சிக்கலைக் கண்ட நிறுவனம் வழக்கமாகச் செய்வது, மதிப்பீட்டுப் படிவத்தில் 'குழு மனப்பான்மை: 10 மதிப்பெண்' என்று ஒரு வரி சேர்ப்பது. அடுத்த ஆண்டிலேயே உதவி அந்தப் பத்து மதிப்பெண்ணுக்கான வேலையாகிவிடும். சான்று கேட்பார்கள், ஊழியர் மின்னஞ்சலில் எல்லோரையும் சிசியில் வைத்து உதவுவார். மார்ச் மதிப்பீடு என்றால் ஜனவரியில் உதவி பொங்கும், ஏப்ரலில் வற்றும். மதிப்பீட்டை ஒட்டி உதவி கூடும் என்பது பொலினோ 1999-இலேயே முன்வைத்த எதிர்பார்ப்பு.

அதைவிட மோசம் வாய்மொழி வற்புறுத்தல். "யாரும் கட்டாயப்படுத்தலை, ஆனா எல்லாரும் ஞாயிறு வர்றாங்க" என்பது எந்த ஊழியருக்கும் புரியும் தமிழ். எரான் விகோடா-கடோட் இதற்குக் 'கட்டாயக் குடிமை' என்றே பெயர் வைத்தார். இதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை டயான் பெர்ஜெரான் 2007-இல் சுட்டினார்: நாளுக்கு இருப்பது அதே மணிநேரம்தான், பிறர் வேலைக்குக் கொடுத்த நேரம் தன் வேலையிலிருந்து போகிறது. வெகுமதி விளைச்சலைப் பார்த்துக் கொடுக்கப்படும் இடத்தில், அதிகம் உதவியவரே பின்தங்குவார்.

சொந்த நிறுவனத்தில் அளந்து பார்க்க

இந்த நிகழ்வைத் தன் இடத்தில் சோதிக்க விரும்பும் மனிதவளப் பிரிவுக்கு, நடைமுறையில் எடுபடும் ஒரு திட்டம்.

மூன்று முறை அளக்க வேண்டும்: பதவி உயர்வு அறிவிப்பு வெளியாவதற்கு மூன்று மாதம் முன்பு, முடிவு வந்து ஒரு மாதத்தில், அதிலிருந்து ஆறு மாதத்தில். நேர்காணல் தேதி தெரிந்த பிறகு எடுத்த முதல் அளவு உதவாது, அதற்குள் காட்சி தொடங்கியிருக்கும். ஒவ்வொருவரையும் மேலதிகாரி ஒருவரும் சக ஊழியர்கள் மூவரும் மதிப்பிட வேண்டும். இரு தரப்பின் மதிப்பெண்ணையும் கலந்து சராசரி எடுத்துவிடக் கூடாது, இரண்டுக்கும் உள்ள இடைவெளியே நமக்கு வேண்டிய தகவல். மேலதிகாரி 6 கொடுத்த இடத்தில் சக ஊழியர்கள் 3.5 கொடுத்தால், உதவி யார் முன்னால் நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்விகள் எட்டு முதல் பத்துக்குள் இருக்கட்டும். 'உதவும் குணம் உள்ளவரா?' என்று கேட்டால் எல்லோருக்கும் 6 விழும். 'கடந்த நான்கு வாரத்தில், வேலை நேரம் முடிந்த பிறகு உங்கள் வேலையை முடிக்க எத்தனை முறை கூட இருந்தார்?' என்று எண்ணிக்கை கேட்க வேண்டும். புதிய பதவியின் பணி விவரத்தில் இருக்கும் செயல்களை மூன்று அளவிலிருந்தும் நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டாவது சந்தேகம் அப்படியே நிற்கும். 'உதவினால் உயரலாம்' என்ற நம்பிக்கையைக் கேட்கும் கேள்விகளைத் தனியாக, வேறொரு வாரத்தில், பெயர் வெளிவராத எண் குறியீட்டோடு கேட்கலாம். மேலதிகாரி கைக்குப் போகாது என்ற உறுதி இல்லாவிட்டால் வரும் பதில்களும் நடிப்பாகவே இருக்கும்.

ஆள் எண்ணிக்கையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 200 பேர் உள்ள நிறுவனத்தில் ஒரு சுற்றில் 20 பேருக்குப் பதவி உயர்வு என்றால், நம்பியவர் பத்து, நம்பாதவர் பத்து. பத்துக்குப் பத்து ஒப்பிட்டு எதையும் சொல்ல முடியாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் சராசரி மாறிவிடும். இரண்டு மூன்று சுற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். பதவி உயர்வுக்குத் தகுதி இருந்தும் கிடைக்காதவர்களை ஒப்பீட்டுக் குழுவாகக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். அவர்களிடமும் சரிவு இருந்தால் அது ஏமாற்றமாகவோ ஆண்டின் அந்தப் பருவத்துக்கான வேலைச் சுமையாகவோ இருக்கலாம்.

முடிவு வந்த பிறகு யாருடைய தனி மதிப்பெண்ணையும் எடுத்து விசாரணை வைக்கக் கூடாது. மாற்ற வேண்டியது உதவி எப்போது எண்ணப்படுகிறது என்பதை. மதிப்பீட்டுக்கு முந்தைய மாதங்களை மட்டும் நினைவில் வைத்து எழுதாமல், ஆண்டு முழுக்கக் காலாண்டுக்கு ஒரு முறை குறிப்பு எழுதினால் ஜனவரிப் பொங்கலுக்கு எடை குறையும். உதவி பெற்றவரிடம் கேட்டால் கவுன்ட்டரின் மாலைகளும் கணக்கில் வரும். சூப்பர்வைசர் பதவிக்கான பணி விவரத்தில் புதியவரைப் பழக்குவதற்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதி, அந்த அளவுக்கு மற்ற வேலையைக் குறைத்துக் கொடுத்தால், பதவி உயர்வு பெற்றவர் "ரொம்ப பிஸி" என்று சொல்வதற்கு ஒரு காரணமாவது குறையும்.